எண்ணெயில் தெரிந்த எரிபொருள் கசிவு: ஏர் டிரான்சாட் 236 நிகழ்வு ஆய்வு

இரண்டு இன்ஜினும் அணைந்த பயணிகள் விமானம் 19 நிமிடம் காற்றில் சறுக்கி வந்து ஒரு தீவில் இறங்கிய கதையாகத்தான் கனடிய நிறுவனமான ஏர் டிரான்சாட்டின் 236ஆம் எண் பயணம் பலருக்கும் தெரியும். அந்த 19 நிமிடத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசியாகிவிட்டது. விமானக் குழுவில் இருப்பவர்களும் அந்த வேலைக்குப் படிப்பவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் காக்பிட்டில் பெரிய எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. விமானம் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தது, எரிபொருள் மட்டும் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் விவரங்கள். விமானம் ஏர்பஸ் ஏ330-243, ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் 700 வகை இன்ஜின்கள் இரண்டு. கனடாவின் டொராண்டோவிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு இரவுப் பயணம். பயணிகள் 293, குழுவினர் 13, மொத்தம் 306 பேர். கேப்டன் ராபர் பிஷேவுக்கு 48 வயது, ஏறத்தாழ 16,800 மணி நேரப் பறப்பு அனுபவம். துணை விமானி டர்க் டி யாகருக்கு 28 வயது, 4,800 மணி நேரம். 2001 ஆகஸ்ட் 24, உலகப் பொது நேரப்படி 00:52க்குக் கிளம்பினார்கள். டாங்குகளில் இருந்தது 46.9 டன் எரிபொருள். விதிப்படி வேண்டியதைவிட அதிகம்தான். இனி வரும் நேரங்கள் எல்லாம் உலகப் பொது நேரம்.

இன்னொரு விவரமும் முக்கியம். அன்றிரவு அட்லான்டிக் பாதைகளில் நெரிசல் இருந்ததால், வழக்கத்தைவிட 60 மைல் தெற்கே தள்ளிய பாதை இவர்களுக்குக் கிடைத்தது. அட்லான்டிக் நடுவிலுள்ள போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்கு அந்த அளவு அருகில் வந்தார்கள். யாரும் இதைத் திட்டமிடவில்லை, அதிர்ஷ்டம்தான். விபத்து ஆய்வுகளில் அதிர்ஷ்டத்தை அதிர்ஷ்டம் என்றே எழுதிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த முறை அதையும் திறமைக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

கசிவுக்கான காரணம் தரையிலேயே உருவானது. சில நாட்களுக்கு முன்பு வலது இன்ஜினை மாற்றியிருந்தார்கள். பதிலுக்கு வந்தது ரோல்ஸ் ராய்ஸ் கடனாகக் கொடுத்த இன்ஜின், அமைப்பில் சற்றுப் பழையது. அதில் ஹைட்ராலிக் பம்பு இல்லை. கழற்றிய இன்ஜினிலிருந்த புது வடிவப் பம்பையும் அதற்கான குழாயையும் எடுத்துப் பொருத்தினார்கள். எரிபொருள் குழாய் மட்டும் பழைய வடிவத்திலேயே இருந்துவிட்டது. இரண்டு வடிவங்களும் ஒன்றோடொன்று சேர வேண்டியவை அல்ல, நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி கிடைக்கவில்லை. ஹைட்ராலிக் குழாய் எரிபொருள் குழாயில் உரசியது. உரசி உரசிக் குழாயில் பிளவு விட்டது. இதில் எதையுமே காக்பிட்டிலிருந்து பார்க்க முடியாது.

ஏறத்தாழ 04:38க்குக் கசிவு தொடங்கியது. உச்சத்தில் மணிக்கு சுமார் 13 டன் வெளியேறியிருக்கிறது. இந்த வகை விமானத்தில் உயரம் மாறாமல் பறக்கும்போது இரண்டு இன்ஜினும் சேர்ந்து எரிப்பதே மணிக்கு 6 டன்னையொட்டித்தான். அதாவது இன்ஜின்கள் குடிப்பதைப் போல இரண்டு மடங்கு வீணாகிப்போனது.

இருந்தும் முதல் அறிகுறி எரிபொருள் மீட்டரில் வரவில்லை.

05:03க்கு விமானிகள் கவனித்தது வலது இன்ஜினின் எண்ணெயை. வெப்பநிலை குறைவு, அழுத்தம் அதிகம், அளவும் குறைவு. பக்கத்திலேயே இடது இன்ஜினின் அதே மூன்று எண்கள் வழக்கம்போல இருந்தன. பழகிய கண்ணுக்கு இது குழப்பமான சேர்க்கை. எண்ணெய் ஒழுகினால் அளவு குறையும், அழுத்தமும் இறங்க வேண்டும், சூடு ஏற வேண்டும். இங்கே அழுத்தம் ஏறிச் சூடு இறங்கியிருக்கிறது. படித்த எந்தக் கோளாறுடனும் ஒத்துப்போகவில்லை.

விளக்கம் இருக்கத்தான் செய்தது, தேடவேண்டிய இடம்தான் வேறு. ஜெட் இன்ஜினில் சூடான எண்ணெயும் குளிர்ந்த எரிபொருளும் வெப்பப் பரிமாற்றி ஒன்றில் அருகருகே ஓடுகின்றன. எண்ணெயின் சூட்டை எரிபொருள் வாங்கிக்கொள்ளும். பிளந்த குழாய் அந்தப் பரிமாற்றியைத் தாண்டிய இடத்தில் இருந்தது. எனவே இன்ஜினுக்குப் போகவேண்டிய எரிபொருளோடு, கொட்டிப்போகிற எரிபொருளும் பரிமாற்றி வழியாகவே பாய்ந்தது. பல மடங்கு குளிர்ந்த எரிபொருள் பட்டு எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாகும், அதனால் அழுத்தம் ஏறும். குளிரில் சுருங்கும், அதனால் அளவு குறைந்ததாகக் காட்டும். மூன்று எண்ணும் மிகச் சரியாகவே காட்டின. ஆனால் அவை எண்ணெயைப் பற்றிய செய்தி அல்ல.

நடு இரவில், கடல் மேல், இரண்டே பேர் இருக்கிற காக்பிட்டில் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பறையில் படம் போட்டு விளக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். அவர்கள் நியாயமான வேலையைத்தான் செய்தார்கள்: நிறுவனத்தின் பராமரிப்புக் கட்டுப்பாட்டு மையத்தைத் தொடர்புகொண்டார்கள். அங்கிருந்தவர்களுக்கும் புரியவில்லை, கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். காட்டும் கருவியில்தான் ஏதோ கோளாறு என்ற எண்ணம் இங்கேதான் வேர் பிடித்தது. பின்னால் நடந்த பல முடிவுகளில் அதன் நிழல் விழுகிறது. ஒரு தடவை கருவியைச் சந்தேகித்தவர் அடுத்த கருவியையும் எளிதாகச் சந்தேகித்துவிடுவார்.

இந்த இடைவெளியில் நடந்த இரண்டாவது விஷயம் இன்னும் அமைதியானது. ஏ330ன் வால் இறக்கையில் ஒரு டாங்க் உண்டு. விமானத்தின் எடை மையத்தைச் சரியான இடத்தில் வைத்துக்கொள்ள அதில் எரிபொருளைத் தேக்கி, தேவையானபோது கம்ப்யூட்டர் தானாகவே முன்னால் அனுப்பும். அன்று வால் டாங்கிலிருந்த 3 டன்னுக்கும் மேற்பட்ட எரிபொருள் வழக்கமான நேரத்துக்கு முன்பே முன்னுக்கு வந்தது. திரையில் அதற்கு ஒரு வரி மட்டும் தோன்றும், மணி அடிக்காது. தினசரி வருகிற வரிதான், எனவே யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. ஆனால் அந்த வரவு வலது டாங்கில் விழுந்த பள்ளத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தது. இரு பக்க டாங்குகளுக்கும் உள்ள வித்தியாசம் 3 டன்னைத் தொட்டால்தான் திரையில் அறிவிப்பு வரும். வால் டாங்கின் தயவில் அது தாமதமானது.

05:36 அளவில் அந்த அறிவிப்பு வந்தது: எரிபொருள் சமநிலை குலைந்திருக்கிறது.

இந்த ஆய்வின் மையம் இதுதான். சமநிலைக் குலைவு என்பது விமானிகளுக்கு அன்றாட விவகாரம். ஒரு இன்ஜின் மற்றதைவிடச் சற்று அதிகம் எரிக்கும், டாங்குகளில் வித்தியாசம் சேரும், இரு பக்க எரிபொருள் வழிகளையும் இணைக்கும் கிராஸ்ஃபீட் வால்வைத் திறந்து எடை கூடிய பக்கத்திலிருந்து இரு இன்ஜினுக்கும் ஊட்டினால் சரியாகிவிடும். கைக்குப் பழகிய வேலை. இதற்கான செக்லிஸ்ட் கையேட்டில் இருந்தது. கசிவு என்ற சந்தேகம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. அவர்கள் கையேட்டைத் திறக்கவில்லை. நினைவிலிருந்தே வால்வைத் திறந்து, வலது டாங்கின் பம்புகளை நிறுத்தினார்கள்.

விளைவு, நல்ல குடத்திலிருந்து ஓட்டைக் குடத்துக்கு ஊற்றிய கதை. இடது டாங்கின் எரிபொருள் குறுக்கே போய் வலது இன்ஜினை அடைந்தது. அங்கே பிளந்த குழாய் வழியே அதுவும் கடலுக்குப் போனது. அதுவரை ஒரு டாங்கின் பிரச்சினையாக இருந்தது விமானம் முழுவதற்குமான பிரச்சினையாக மாறியது.

விமானிகளின் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்றும் பார்க்க வேண்டும். முதலில் வலது டாங்கில் எண் சரிந்தது. வால்வைத் திறந்ததும் இடது டாங்கிலும் வேகமாகச் சரிகிறது. கசிவு என்றால் ஓரிடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? ஏற்கனவே எண்ணெய் எண்கள் வேறு விசித்திரமாக இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடுகிறது என்ற முடிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இடது டாங்க் சரிந்ததற்குக் காரணம் தங்கள் கை திறந்த வால்வுதான் என்பது அந்த நேரத்தில் எளிதில் தோன்றாது. நாமே ஒன்றை மாற்றிவிட்டு, அதனால் வந்த மாற்றத்தைப் புதிய அறிகுறியாக எண்ணிக்கொள்வது நெருக்கடியில் எல்லோருக்கும் நடக்கிறது. அதனால்தான் சில நிறுவனங்களில், எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் நேரத்தோடு ஓரத்தில் குறித்துவை என்று கறாராகச் சொல்கிறார்கள். அலுப்பான பழக்கம்தான், ஆனாலும் வேண்டும்.

கசிவைத் தனியே கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது, எந்த நவீனக் கருவியும் தேவையில்லாத கூட்டல் கணக்கு. இப்போது டாங்கில் இருப்பது, இன்ஜின்கள் இதுவரை எரித்தது, இவ்விரண்டையும் கூட்டினால் கிளம்பும்போது இருந்த அளவு வர வேண்டும். இந்த விமானத்தில் அந்த எண் 46.9. உதாரணத்துக்கு, எரித்தது 25 டன் என்று காட்டினால் டாங்கில் 21.9 இருக்க வேண்டும். 16 தான் இருக்கிறது என்றால், மிச்சம் எங்கே? டாங்கிலுள்ள அளவையும் எரித்த அளவையும் வெவ்வேறு உணரிகள் அளக்கின்றன. எரித்ததை அளக்கும் மீட்டர் இன்ஜினில் இருக்கிறது. மீட்டருக்கு முன்னாலேயே ஒழுகிப்போனால் அது அந்தக் கணக்கில் ஏறாது, கூட்டுத்தொகை குறைந்துகொண்டே போகும். ஒரு தடவை குறைந்தால் அளவீட்டுப் பிழை என்று விடலாம். பத்து நிமிடம் கழித்து இன்னும் குறைந்திருந்தால் கசிவு.

பாதையில் முன்கூட்டியே குறித்த இடங்களான வழிப்புள்ளிகளில் எரிபொருளைக் குறிப்பது எல்லோரும் செய்கிற வேலைதான். குறிக்கிற விதத்தில்தான் வித்தியாசம் வருகிறது. திரையில் இருக்கும் எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதுவது ஒரு வகை. என்ன எண் வர வேண்டும் என்பதை முதலில் மனதில் சொல்லிக்கொண்டு பிறகு திரையைப் பார்ப்பது இன்னொரு வகை. முதல் வகையில் கண் எதைக் கண்டாலும் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவதில் மட்டுமே ஆச்சரியப்பட வாய்ப்பிருக்கிறது. நீண்ட கடல் பயணத்தின் நாலாவது மணியில், எல்லாம் சரியாகவே இருந்துவந்த பிறகு, இரண்டாவது வகையைக் கைவிடாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி என்பேன். இன்ஜின் அணைந்த பிறகு கவனம் தானாகவே வந்துவிடும்.

அவர்கள் எண்களை நம்பாவிட்டாலும், நம்பினால் என்ன செய்வோமோ அதைச் செய்தார்கள். 05:45க்கு அசோர்ஸின் டெர்செய்ரா தீவிலுள்ள லாஜெஸ் விமானத் தளத்துக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். 05:48க்கு எரிபொருள் அவசரநிலையை அறிவித்தார்கள். குறைகிறது என்று திரை சொல்கிறது, பொய்யாக இருக்கலாம், உண்மையாக இருந்தால் உயிர் போகும், ஆகவே நிலத்தை நோக்கித் திரும்பு. அன்றைய இரவின் மிகச் சிறந்த முடிவு என்று நான் நினைப்பது இதைத்தான். பின்னால் வந்த சறுக்குப் பறத்தல் எல்லோர் கண்ணிலும் படுகிறது, ஆனால் அதற்குத் தேவையான தூரத்தைக் கையில் கொடுத்தது 05:45. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று லிஸ்பன் திசையிலேயே போயிருந்தால் எந்தத் திறமையும் அவர்களைக் கரை சேர்த்திருக்காது.

கேபின் குழுவையும் இதில் இழுத்தார் கேப்டன். ஜன்னல் வழியே இறக்கையைப் பார்த்து ஏதாவது ஒழுகுகிறதா என்று சொல்லச் சொன்னார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்ற பதிலை இல்லை என்ற பதிலாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இங்கே உண்டு. ராத்திரி நேரத்தில் இறக்கைக்கு அடியில், இன்ஜின் உறைக்குள் ஒழுகுவதைக் கேபின் ஜன்னலிலிருந்து பார்த்துவிட முடியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

06:13க்கு, லாஜெஸ் இன்னும் 150 கடல் மைல் தொலைவில் இருக்கும்போது, வலது இன்ஜின் அணைந்தது. ஒற்றை இன்ஜினில் தாங்கக்கூடிய உயரத்துக்கு இறங்கத் தொடங்கினார்கள். 06:23க்குத் துணை விமானி அசோர்ஸின் சாண்டா மரியா கட்டுப்பாட்டு மையத்துக்கு மேடே என்ற உயிராபத்து அழைப்பு விடுத்தார். மூன்று நிமிடத்தில், 65 கடல் மைல் தொலைவில், இடதும் போனது. உயரம் ஏறத்தாழ 34,500 அடி.

இரண்டு இன்ஜினும் போனால் போவது உந்துவிசை மட்டும் அல்ல. மின்சாரம், ஹைட்ராலிக் அழுத்தம், கேபினுக்கான காற்று எல்லாமே இன்ஜின் கொடுப்பவை. காற்றோட்டத்தில் சுழலும் சிறிய அவசரக் காற்றாலை தானாக வெளியே வந்து, அத்தியாவசியக் கருவிகளுக்கு மட்டும் மின்சாரமும், ஸ்டியரிங்குக்கு வேண்டிய ஹைட்ராலிக்கும் கொடுத்தது. மெதுவாகப் பறந்து இறங்க உதவும் இறக்கை மடிப்புகளான ஃபிளாப்புகள் இல்லை, வேகம் குறைக்கும் ஸ்பாய்லர்கள் இல்லை. கேபினில் விளக்குகள் மங்கின, ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன. பயணிகளுக்கு உயிர்காப்பு உடை மாட்டி, கடலில் இறங்கத் தயார்படுத்தினார்கள் கேபின் குழுவினர். நிலமா கடலா என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து 293 பேரைத் தயார் செய்ய வேண்டும், அதுவும் அரை இருட்டில். இந்தப் பகுதியைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

முன்னால் டி யாகர் இறங்கும் வேகத்தையும் மீதித் தூரத்தையும் கணக்குப் பார்த்தபடி இருக்க, பிஷே ஓட்டினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 அடி இறக்கம். லாஜெஸின் ராணுவக் கட்டுப்பாட்டாளர்கள் ரேடாரில் பார்த்து வழி சொன்னார்கள். தளத்தை நெருங்கியபோது உயரம் தேவைக்கும் அதிகமாக இருந்தது. இன்ஜின் இல்லாத விமானத்தில் உயரம்தான் கையிருப்பு, அதைத் தவறாகச் செலவழித்தால் திரும்பக் கிடைக்காது. பிஷே ஒரு முழு வட்டம் அடித்து, பிறகு இடமும் வலமுமாக வளைந்து உயரத்தைக் கரைத்தார். 06:45க்கு ஏறத்தாழ 200 நாட் (மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர்) வேகத்தில் 33ஆம் ஓடுபாதையில் சக்கரம் பட்டது. ஒரு முறை எகிறி, ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து 2,800 அடியில் மறுபடி தொட்டது. அவசரப் பிரேக் மட்டும்தான், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி இல்லை. எட்டுப் பிரதான டயர்களும் தேய்ந்து காற்றிழந்தன. 10,000 அடி ஓடுபாதையில் 7,600 அடியில் விமானம் நின்றது. வெளியேறும்போது 18 பேருக்குக் காயம், அதில் இருவருக்கு மட்டும் கடுமையானது. உயிரிழப்பு இல்லை.

போர்ச்சுகலின் விசாரணை அமைப்பு 2004ல் அறிக்கை கொடுத்தது. வலது இன்ஜினை மாற்றியபோது பொருந்தாத பாகங்கள் சேர்ந்ததும், கசிவை அடையாளம் காணாமல் கிராஸ்ஃபீட்டைத் திறந்ததும் அதில் பதிவாயின. கசிவுக்கான நடைமுறையைப் பின்பற்றியிருந்தால் இடது டாங்கின் எரிபொருள் தப்பியிருக்கும், இடது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாஜெஸில் இறங்கியிருக்கலாம். நிறுவனத்துக்குக் கனடா அரசு 2,50,000 கனடிய டாலர் அபராதம் விதித்தது. விமானிகளுக்கு 2002ல் விமானிகள் சங்கத்தின் சிறந்த விமானத் திறன் விருது கிடைத்தது. இரண்டில் எது நியாயம் என்று கேட்டு இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒரே ஆட்கள் ஒரே இரவில் ஒன்றைத் தவறவிட்டு இன்னொன்றை அபாரமாகச் செய்வது மனித இயல்புதான்.

சமநிலை குலைந்தால் எரிபொருளை மாற்றலாமா என்ற கேள்வி ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறு காக்பிட்டில் எழுந்தது. 2010 நவம்பர் 4, ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் 32ஆம் எண் பயணம், ஏர்பஸ் ஏ380, சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் இரண்டாம் எண் இன்ஜினின் டர்பைன் தட்டு வெடித்துச் சிதறி இறக்கையைத் துளைத்தது. விமானத்தில் 469 பேர். திரையில் கோளாறுச் செய்திகள் வரிசை கட்டின, ஐந்து விமானிகள் சேர்ந்து அவற்றைப் பார்த்து முடிக்கவே ஏறத்தாழ 50 நிமிடம் ஆனது. அவற்றில் எரிபொருள் சமநிலை குலைந்தது பற்றியவையும் இருந்தன: எடை கூடிய பக்கத்திலிருந்து மாற்று என்று செக்லிஸ்ட் கேட்டது. எரிபொருள் அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாததால் அவர்கள் மாற்றவில்லை. சமநிலை குலைந்த விமானத்தையே ஓட்டிப் பார்த்து, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சோதித்துக்கொண்டு இறக்கினார்கள். கவனியுங்கள், 2001ல் செக்லிஸ்ட்டைத் திறக்காதது பிரச்சினை, 2010ல் செக்லிஸ்ட்டின் வரியை நிறைவேற்றாதது சரி. இதை வைத்துக்கொண்டு செக்லிஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றே: இந்தப் பக்கம் ஏன் குறைகிறது? குவாண்டாஸ் குழு அதைக் கேட்டது, பதில் தெரியாதபோது வால்வைத் தொடாமல் விட்டது.

236க்குப் பிறகு கசிவுக்கான செக்லிஸ்ட்டுகள் மாற்றி எழுதப்பட்டன, திட்டத்தைவிட வேகமாக எரிபொருள் குறைந்தால் எச்சரிக்கும் வசதி ஏர்பஸ் கம்ப்யூட்டர்களில் சேர்ந்தது. பயிற்சியில் இன்று சொல்லிக்கொடுக்கும் வரிசை இப்படி: சமநிலை அறிவிப்பு வந்தால் முதலில் கூட்டல் கணக்கு. தொகை குறைந்தால் கிராஸ்ஃபீட் மூடியே இருக்கட்டும், ஒவ்வொரு இன்ஜினும் தன் டாங்கிலிருந்தே குடிக்கட்டும். நேரத்தைக் குறித்துக்கொண்டு எந்த டாங்க் வேகமாக இறங்குகிறது என்று பார். அதற்குள் அருகிலுள்ள ஓடுபாதையை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். ஒரு டாங்க் மட்டும் வேகமாக இறங்கினால் அந்தப் பக்க இன்ஜினை நிறுத்திப் பார். இறக்கம் நின்றுவிட்டால் கசிவு இன்ஜினில், மிச்சமுள்ள எரிபொருளை மறு இன்ஜினுக்குக் கொடுக்கலாம். நிறுத்தியும் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு டாங்கில் அல்லது இறக்கையில், அப்போது கிராஸ்ஃபீட்டை இறங்கும் வரை தொடக்கூடாது.